சராசரி சொன்னதும் சொல்லாததும்



மாதக் கடைசியானால் தோட்டத்து ஆபீசில் ஒரு சொல் அடிக்கடி காதில் விழும். அதுதான் 'சராசரி'. பால்மரம் வெட்டிய காலத்தில், இந்த நிரையில் சராசரி எத்தனை கிலோ பால் என்று கிராணி கணக்குப் பார்ப்பார். செம்பனை வந்த பிறகு, ஏக்கருக்குச் சராசரி எத்தனை டன் குலை என்று பார்க்கிறார்கள். பள்ளிக்கூடத்திலும் இதே சொல்தான். பிள்ளையின் மதிப்பெண் அட்டையைக் கையில் வாங்கியதும் தாய் தகப்பன் கண் முதலில் தேடுவது கடைசி வரியில் இருக்கும் சராசரியைத்தான்.

அந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு எத்தனையோ வீடுகளில் பெரிய முடிவுகள் எடுக்கப்படுகின்றன. "இவனுக்குப் படிப்பு ஏறாது, சீக்கிரம் ஒரு வேலையில் சேர்த்து விடலாம்" என்று சொல்லிவிடுகிறோம். ஆகவே, சராசரியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று கேட்டுப் பார்ப்பது நமக்கு மிகவும் வேண்டிய காரியம். இந்தக் கேள்வியை உலகத்தின் பெரிய கணித மேதைகள் கேட்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் தமிழர். அவரைப் பற்றித்தான் இந்த இதழில் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஓர் அக்காள் ஒரு நாள் இருபது கிலோ பால் கொண்டு வருகிறார். மறுநாள் மழை; ஒன்றுமில்லை. அடுத்த நாள் இருபது, அதற்கடுத்த நாள் சுழி. மாதம் முழுவதும் இப்படியே. இன்னோர் அக்காள் தினமும் தவறாமல் பத்துக் கிலோ கொண்டு வருகிறார். இருவருக்கும் சராசரி பத்துத்தான். ஆனால் முதல் அக்காளின் கணக்கில் பத்துக் கிலோ நிறுத்த நாள் ஒன்றுகூடக் கிடையாது! சராசரி பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் பட்ட பாட்டையும் சொல்லவில்லை.

அப்படியானால் எப்போது சராசரியைக் கொண்டு ஒவ்வொரு நாளையும் அறிய முடியும்? இதுதான் கேள்வி.

ஹங்கேரி நாட்டுக் கடைக்காரர் மகன்

நாதசுரத்தில் ஒரு சுரத்தை ஊதினால் நமக்கு ஒரே ஒலியாகத்தான் கேட்கிறது. உண்மையில் அது பல எளிய அலைகள் ஒன்றுசேர்ந்த கூட்டு. எந்த ஒலியையும், எந்த அதிர்வையும் இப்படி எளிய அலைகளாகப் பிரித்துப் பார்க்கலாம் என்று பிரான்சு நாட்டு ஃபூரியே, வெப்பத்தைப் பற்றி 1822-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். பிறகு ஒரு சிக்கல் வந்தது. பிரித்த அலைகளை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போனால், கடைசியில் பழைய வடிவம் திரும்பக் கிடைக்குமா? எப்போதும் கிடைக்கும் என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். 1870-களில் ஜெர்மானியர் டுபுவா ரேமோன் அப்படிக் கிடைக்காத ஓர் உதாரணத்தைக் காட்டினார். கூட்டுத்தொகை ஓரிடத்தில் நிலைகொள்ளாமல் தடுமாறியது.

இந்தச் சிக்கலுக்கு 1900-இல் வழி கண்டவர் ஹங்கேரி நாட்டில் பேச் என்ற ஊரில் ஒரு கடைக்காரரின் மகனாக 1880-இல் பிறந்த லிபோட் ஃபெயர். அப்போது அவருக்கு வயது இருபதுதான். அவர் சொன்ன வழி மிக எளிது. ஒவ்வொரு கூட்டுத்தொகையையும் தனித்தனியே பார்க்காதீர்கள். இதுவரை கிடைத்த கூட்டுத்தொகைகளின் சராசரியை எடுத்துக்கொண்டே போங்கள். மூல வடிவம் அறுபடாத கோடாக இருந்தால், சராசரி தடுமாறாது. சரியான இடத்துக்கே போய்ச் சேரும். கணிதத்தில் 'பகுப்பாய்வு' என்று சொல்லப்படும் துறையில் இது ஒரு பெரிய வாசலைத் திறந்தது. அவரிடம் பயின்றவர்களும் பின்னாளில் உலகப் புகழ் பெற்றார்கள். ஃபெயர் 1959-இல் புடாபெஸ்டில் காலமானார்.

ஆக, தனித்தனி எண் தடுமாறும்போது சராசரி நமக்குக் கைகொடுக்கிறது. இது ஒரு பக்கம்.

திரும்பி வரும் பாதை

மறுபக்கத்தைக் கேட்டவர் ஆல்பிரட் டவுபர். அவர் பிறந்தது 1866-இல், அப்போது ஹங்கேரி அரசுக்கு உட்பட்டிருந்த பிரஸ்பர்க் நகரில். இன்று அந்நகர் பிராட்டிஸ்லாவா என்ற பெயரில் சுலோவாக்கியாவின் தலைநகராக விளங்குகிறது. வியன்னாவில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் கணிதராக வேலை பார்த்த மனிதர் அவர். 1897-இல் அவர் கேட்ட கேள்வியை நம் வழக்கில் சொன்னால் இப்படி வரும்: சராசரியைப் போல மேடுபள்ளத்தைச் சமன்படுத்தும் ஒரு முறையில் நல்ல விடை கிடைத்து விட்டது. அதிலிருந்து பின்னோக்கி நடந்து, மூல எண்களும் அதே இடத்துக்குப் போய்ச் சேரும் என்று சொல்ல என்ன நிபந்தனை வேண்டும்?

இந்த வகைக் கேள்விகளுக்கெல்லாம் 'டவுபர் வகைத் தேற்றங்கள்' என்று பிற்பாடு இங்கிலாந்தில் ஹார்டியும் லிட்டில்வுட்டும் பெயர் வைத்தார்கள். டவுபர் யூதர். 1942-இல் நாஜிகள் அவரைத் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்குக் கொண்டு போனார்கள். அங்கேயே அவர் உயிர் பிரிந்தது. மனிதரை அழித்தார்கள், அவர் கேட்ட கேள்வியை அழிக்க முடியவில்லை.

1910-இல் ஹார்டி ஒரு விடை தந்தார். அன்றாட ஏற்ற இறக்கம் நாளாக ஆக ஒரு கணக்குப்படி சிறுத்துக்கொண்டே வந்தால், சராசரி எங்கே போகிறதோ அங்கேதான் அன்றாட எண்ணும் போய்ச் சேரும். அதே ஆண்டில் ஜெர்மனியின் லண்டாவ் இன்னும் வியப்பான ஒன்றைக் காட்டினார். ஏற்றத்துக்கு வரம்பு வைக்கவே வேண்டாம். இறக்கத்துக்கு மட்டும் வரம்பு வைத்தால் போதும்!

இதை நம் நிறுவைக் கணக்கில் போட்டுப் பாருங்கள். பத்தாம் நாளில் முந்திய நாளைவிட ஒரு கிலோவுக்கு மேல் இறங்கக் கூடாது. நூறாம் நாளில் நூறு கிராமுக்கு மேல் இறங்கக் கூடாது. ஆயிரமாம் நாளில் பத்துக் கிராமுக்கு மேல் இறங்கக் கூடாது. ஏறுவது அதன் இஷ்டம். இந்த ஒரு காவல் இருந்து, சராசரியும் ஓர் எண்ணில் போய் நிற்குமானால், அன்றாட நிறுவையும் அந்த எண்ணிலேயே போய் நிற்கும்.

ஏன் என்று கேட்டால் காரணம் புரியக் கூடியதுதான். ஒரு நாள் நிறுவை சராசரிக்கு மேலே மிக உயர்ந்து விட்டது என்று வையுங்கள். சட்டென்று இறங்க அதற்கு வழியில்லை. மெல்ல மெல்லத்தான் இறங்க வேண்டும். அதற்குள் பல நாள் உயரத்திலேயே இருந்து, சராசரியையும் மேலே இழுத்து விடும். ஒரு நாள் மிகத் தாழ்ந்து போயிருந்தாலும் அப்படியே. அந்தப் பள்ளத்துக்கு வருவதற்கு முன்பே பல நாளாக இறங்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். சராசரியும் அதனால் கீழே வந்திருக்கும். சராசரி அசையாமல் நிற்கிறது என்றால், அப்படிப்பட்ட மேடும் பள்ளமும் இனி இல்லை என்று அர்த்தம்.

முதல் அக்காளின் கணக்கு ஏன் ஏமாற்றியது என்று இப்போது விளங்குகிறதல்லவா? அங்கே ஒவ்வோர் இரண்டாம் நாளும் இருபது கிலோ இறக்கம். காவல் இல்லாத கணக்கு அது.

திருக்கண்ணபுரத்துப் பெயர்

இந்தத் துறையை நம் நாட்டுப் பக்கம் கொண்டு வந்தவர் சென்னையில் 1893-இல் பிறந்த ஆனந்த ராவ். கேம்பிரிட்ஜில் படித்தபோது ராமானுஜனும் அங்கே இருந்தார், இருவரும் நண்பர்கள். 1919-இல் திரும்பி வந்து சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக அமர்ந்தார். அவரிடம் படித்த மாணவர்களில் பலர் பின்னால் பெரிய கணித அறிஞர்களானார்கள். அவர்களில் ஒருவர்தான் நம் கதாநாயகர், திருக்கண்ணபுரம் விஜயராகவன்.

திருக்கண்ணபுரம் நாகப்பட்டினத்துக்கு அருகில் உள்ள பெருமாள் தலம். நாகப்பட்டினம் என்றால் நம் வீட்டுப் பெரியவர்களுக்குக் கப்பல் நினைவு வரும். அங்கே ஏறிப் பினாங்கிலோ, அன்று போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் இருந்த கிள்ளான் துறைமுகத்திலோ இறங்கி, தோட்டத்துக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர். அந்த வட்டாரத்து ஊர்ப்பெயரைத் தம் பெயரோடு சுமந்தவர் விஜயராகவன். பிறந்தது 1902 நவம்பர் 30-இல், ஆடூர் அகரம் என்ற சிற்றூரில். தமிழிலும் வடமொழியிலும் நல்ல புலமை உள்ளவர்.

கல்லூரியில் அவர் பாடத்திட்டத்துக்குள் அடங்கிய மாணவராக இருக்கவில்லை. மனம் முழுவதும் தாமே கண்டுபிடிக்கும் கணக்குகளில்தான். ஆகவே தேர்வுப் பட்டியலில் அவர் சோபிக்கவில்லை. மதிப்பெண்ணை மட்டும் பார்த்தவர் யாரும் இவரைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பியிருக்க மாட்டார்கள். ஆனால் ஆனந்த ராவ் பார்த்தது மாணவரின் கணக்கை. விஜயராகவன் தம் ஆராய்ச்சியை ஹார்டிக்கு அனுப்பினார். ராமானுஜனை உலகுக்குக் காட்டிய அதே ஹார்டிதான். 1925-இல் விஜயராகவன் ஆக்ஸ்போர்டு போய்ச் சேர்ந்து, ஹார்டியோடு மூன்று ஆண்டுகள் இருந்தார்.

1926-இல் லண்டன் கணிதக் கழகம் ஒரு புதிய இதழைத் தொடங்கியது. அதன் முதல் தொகுதியிலேயே விஜயராகவனின் கட்டுரை வந்தது. விஷயம், நாம் மேலே பார்த்த டவுபர் வகைத் தேற்றந்தான். இறக்கத்துக்கு மட்டும் வரம்பு வைத்து, தடுமாறும் எண்வரிசைகளை எப்படி வழிக்குக் கொண்டு வருவது என்பதில் அவர் கை தேர்ந்தவரானார். ஹார்டி மறைந்த பிறகு 1949-இல் வெளிவந்த அவருடைய பெரிய நூலில் விஜயராகவனின் முடிவுகளுக்கு இடம் இருக்கிறது.

பதவியா, நட்பா?

நாடு திரும்பியவருக்கு அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தது. அங்கே கணிதத் துறைக்குத் தலைவராக 1930-இல் வந்திருந்தவர் ஆந்திரே வெய்ல் என்ற பிரெஞ்சுக்காரர். அவருக்கு அப்போது இருபத்து நான்கு வயது கூட நிரம்பியிருக்கவில்லை. பிற்காலத்தில் இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த கணித மேதைகளில் ஒருவராக எண்ணப்பட்டவர். பட்டம் பதவி பார்க்காமல் ஆற்றலைப் பார்த்து ஆள் சேர்த்தவர் வெய்ல். விஜயராகவனும் அவரும் நெருங்கிய நண்பர்களானார்கள்.

சிறிது காலத்தில் பல்கலைக்கழகம் வெய்லை வேலையிலிருந்து நீக்கியது. அதைக் கண்டித்து விஜயராகவன் அலிகாரை விட்டே வெளியேறி, டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். நண்பர் போன இடத்தில் நாம் உயரலாமே என்று நினைக்கவில்லை. ஒரு மனிதரின் இப்படிப்பட்ட குணத்துக்கு எந்த மதிப்பெண் அட்டையில் கட்டம் இருக்கிறது, சொல்லுங்கள்?

டாக்காவில் அவர் 1931 முதல் 1946 வரை இருந்தார். இயற்பியலில் ஐன்ஸ்டீனோடு சேர்த்துப் பேசப்படும் சத்யேந்திரநாத் போஸ் அப்போது அங்கேதான் பேராசிரியர். ஒரு சமன்பாட்டிலிருந்து பிறக்கும் வளைகோடு எவ்வளவு வேகமாக வளர முடியும் என்ற கேள்வியில், பிரான்சின் போரெல் வைத்திருந்த எதிர்பார்ப்பு எங்கும் பொருந்தாது என்று விஜயராகவன் 1932-இல் காட்டினார். அதற்கு ஓர் எளிய உதாரணத்தை 1937-இல் பாசு, போஸ், விஜயராகவன் மூவரும் சேர்ந்து வெளியிட்டார்கள்.

முழு எண்ணைத் தேடி ஓடும் எண்கள்

விஜயராகவன் பெயர் உலகக் கணித நூல்களில் நிலைத்தது டாக்காவில் செய்த இன்னொரு வேலையால். அதை நீங்கள் வீட்டிலேயே, கைத்தொலைபேசியில் இருக்கும் கணக்குப்பொறியில் போட்டுப் பார்க்கலாம்.

1.618034 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 5-இன் வர்க்கமூலத்தோடு ஒன்றைக் கூட்டி, இரண்டால் வகுத்தால் வருவது இது. இதை இதனாலேயே பெருக்கினால் 2.618. மறுபடி பெருக்கினால் 4.236. அடுத்து 6.854; அடுத்து 11.090, அடுத்து 17.944, அடுத்து 29.034, அடுத்து 46.979. என்ன நடக்கிறது என்று கவனித்தீர்களா? 3, 4, 7, 11, 18, 29, 47 என்ற முழு எண்களை அது நெருங்கிக்கொண்டே போகிறது. ஒரு தடவை சற்றுக் குறைவாக, மறு தடவை சற்று அதிகமாக. இடைவெளி மட்டும் சுருங்கிக்கொண்டே வருகிறது. அந்த முழு எண்களிலும் ஓர் ஒழுங்கு உண்டு: முந்திய இரண்டையும் கூட்டினால் அடுத்தது வரும். 3-உம் 4-உம் 7. 4-உம் 7-உம் 11.

இதே வேலையை 1.5-ஐ வைத்துச் செய்து பாருங்கள். 2.25, 3.375, 5.0625, 7.594, 11.391, 17.086, 25.629. இங்கே அந்த ஒழுங்கைக் காணோம். தசமப் புள்ளிக்குப் பின்னால் வருவது மனம் போனபடி அலைகிறது. அந்தப் பின்னப் பகுதி எந்த ஓரிடத்திலும், எண்ணிவிடக் கூடிய சில இடங்களிலும் அடங்காது. எண்ணற்ற இடங்களைச் சுற்றிச் சுற்றி வரும் என்று 1940-இல் விஜயராகவன் நிரூபித்தார். இடைவெளி முழுவதையும் அது நிறைக்குமா என்ற கேள்விக்கு இன்றுவரை உலகத்தில் யாரும் விடை காணவில்லை. ஆறாம் ஆண்டு மாணவன் போடக் கூடிய பெருக்கல்தான். ஆனால் அதன் அடியில் இருக்கும் உண்மை மேதைகளுக்கும் எட்டாமல் நிற்கிறது!

முதல் வகை எண்களை நார்வேயின் தூயேயும் ஹார்டியும் முன்பே தொட்டிருந்தார்கள். 1930-களின் கடைசியிலும் 1940-களிலும் அவற்றை ஆழமாக ஆராய்ந்தவர்கள் இருவர்: பிரான்சில் பிசோ, டாக்காவில் விஜயராகவன். ஒருவரையொருவர் சாராமல் செய்த வேலை. அதனால் இன்றும் அவற்றுக்கு 'பிசோ–விஜயராகவன் எண்கள்' என்று பெயர். வழக்கமான படிகங்களைப் போல் திரும்பத் திரும்ப ஒரே அச்சாக வராத, ஆனாலும் ஒழுங்கு உள்ள ஒரு வகைத் திண்மப் பொருளை 1982-இல் ஷெக்ட்மன் கண்டார். அதற்காக 2011-இல் நோபல் பரிசு பெற்றார். அத்தகைய பொருள்களின் அமைப்பை விளக்கும் கணிதத்தில் இந்த எண்கள் வருகின்றன.

பால்மரமும் கணித நிலையமும்

இனி, நம்மைத் தொடும் செய்திக்கு வருகிறேன். டாக்காவுக்குப் பின் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகள் இருந்த விஜயராகவனைச் சென்னை அழைத்தது. ராமானுஜன் பெயரில் ஒரு கணித ஆராய்ச்சி நிலையம் 1950-இல் அங்கே தொடங்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் விஜயராகவன். பணம் கொடுத்துத் தொடங்கியவர் கோட்டையூர் அழகப்பச் செட்டியார்.

அழகப்பர் 1909-இல் பிறந்தவர். காரைக்குடியில் கல்லூரிகளைத் தோற்றுவித்துப் பிற்காலத்து அழகப்பா பல்கலைக்கழகத்துக்கு வித்திட்ட வள்ளல். நூற்பாலை, இன்சூரன்ஸ், விமானம் என்று பல தொழில்கள் நடத்தினார். அந்தத் தொழில்களில் மலாயா ரப்பர் தோட்டமும் ஒன்று.

கோலாலம்பூரில் லெபோ அம்பாங் பக்கம் போனால் செட்டியார்களின் பழைய கிட்டங்கி வரிசை நினைவுக்கு வரும். மலாயா ரப்பரின் பணக்கணக்கு அங்கே ஏட்டில் ஏறியது. அந்தக் கணக்குக்கு ஆதாரமான பாலை, விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நிரையில் நடந்து, மங்கில் சேர்த்து, வாளியில் சுமந்து வந்தவர்கள் பெரும்பாலும் நம் பாட்டன் பாட்டிமார். அவர்களுக்கு ராமானுஜனையும் தெரியாது, விஜயராகவனையும் தெரியாது. ஆனாலும் அந்த நிலையத்தின் அடித்தளத்தில் அவர்கள் உழைப்பும் கலந்திருக்கிறது என்று நாம் தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்ளலாம். 'கணிதம் நமக்கு எட்டாத சரக்கு' என்று எந்தத் தோட்டத்துப் பிள்ளையும் சொல்ல வேண்டாம். அது நம் கை பட்ட சரக்கு.

விஜயராகவன் 1955 ஏப்ரல் 20-இல் தம் ஐம்பத்திரண்டாம் வயதில் காலமானார். அழகப்பரும் 1957 ஏப்ரலில் மறைந்தார். நிலையம் தள்ளாடியது. வானியல் அறிஞர் சந்திரசேகர், ஆம், 1983-இல் நோபல் பரிசு பெற்ற அவர்தான், பிரதமர் நேருவிடம் எடுத்துச் சொன்னார். 1957-இல் சென்னைப் பல்கலைக்கழகம் அதை ஏற்று நடத்தத் தொடங்கியது. ஒரு பெரிய இறக்கம் வரவிருந்தது. தக்க சமயத்தில் ஒரு கை தாங்கிப் பிடித்தது.

உங்கள் வீட்டுக் கணக்கு

தேற்றம் எண்களைப் பற்றியது. பிள்ளைகள் எண்கள் அல்லர். ஆயினும் எங்கே கண்ணை வைக்க வேண்டும் என்பதை அந்தத் தேற்றம் நமக்குக் காட்டுகிறது.

பிள்ளை ஒரு நாள் எவ்வளவு உயரப் போகிறான் என்று கவலைப்பட வேண்டாம். அது அவன் இஷ்டம். திடீரென்று எங்கே சரிகிறான் என்பதைப் பாருங்கள். ஆறாம் ஆண்டுத் தேர்வான யு.பி.எஸ்.ஆர். 2021-இல் நீக்கப்பட்டது. தேர்வு போனதே தவிர, ஆறாம் ஆண்டுக்கும் இடைநிலைப்பள்ளிக்கும் நடுவில் இருக்கும் படி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் ஒரே வகுப்பில் தெரிந்த முகங்களோடு இருந்த பிள்ளை, புதுமுக வகுப்பிலோ படிவம் ஒன்றிலோ போய் உட்காரும்போது பாட மொழி மாறுகிறது, நண்பர் மாறுகிறார்கள், பஸ் நேரம் மாறுகிறது. தோட்டத்தை விட்டுக் கிள்ளான் பக்கமோ வேறு பட்டணத்துப் பக்கமோ அடுக்கு வீட்டுக்குக் குடிமாறிய குடும்பங்களுக்கு இது இன்னும் கடினம். எண்பதில் இருந்த பிள்ளை நாற்பதுக்கு வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அந்த ஆண்டின் சராசரியைப் பார்த்து அவனுக்கு முத்திரை குத்தினால், காவல் இல்லாத கணக்கை நம்பியவர்கள் ஆகிறோம்.

என்ன செய்யலாம்? மூன்று காரியம் சொல்கிறேன். பள்ளி நாள் தவறாமல் போகிறானா என்று பாருங்கள். ஒரு வாரம் விட்டுப்போனால் அதுவே பெரிய இறக்கம். முதல் ஆறு மாதம் மலாய், ஆங்கிலம் இரண்டிலும் தினம் ஒரு பக்கமாவது சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். உங்களுக்குப் பொருள் தெரியாவிட்டாலும் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். மதிப்பெண் சரிந்தால், அட்டையில் கையெழுத்துப் போட்டு அனுப்புவதோடு நிற்காமல், ஆசிரியரை நேரில் பார்த்து எந்தப் பாடத்தில், எப்போதிருந்து என்று கேளுங்கள். வேலை நாளில் முடியாது என்றால், ஒரு சீட்டு எழுதி அனுப்பினாலும் போதும்.

இப்படி ஒரு கை தாங்கியதால் உயர்ந்தவர்களும் ஆனந்த ராவின் மாணவர்களிலேயே உண்டு. தென்காசிப் பக்கத்து வல்லத்தில் 1901-இல் பிறந்தவர் எஸ். எஸ். பிள்ளை. குழந்தைப் பருவத்தில் தாயை இழந்தார். பள்ளிப் படிப்பு முடியும் முன்பே தகப்பனாரையும் இழந்தார். சாஸ்திரியார் என்ற பள்ளி ஆசிரியர் தம் சிறிய சம்பளத்திலிருந்து கொடுத்துப் படிக்க வைத்தார். அந்த மாணவர் பிற்பாடு வாரிங் கணக்கு என்ற புகழ்பெற்ற எண்கணிதச் சிக்கலில் உலகமே வியக்கும் முடிவைக் கண்டார். 1950 ஆகஸ்டு 31-இல், அமெரிக்காவில் நடக்கவிருந்த உலகக் கணித மாநாட்டுக்குப் போகும் வழியில், எகிப்தில் நேர்ந்த விமான விபத்தில் அவர் மறைந்தது பெரும் சோகம். அவர் கண்ட முடிவு மட்டும் இன்றும் நிற்கிறது. தகப்பன் போன அந்த மாதத்தில் அவருடைய சராசரியை யாராவது எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

பிள்ளைகளுக்கு இந்த இதழின் கணக்கு இது. 2-இன் வர்க்கமூலத்தோடு ஒன்றைக் கூட்டினால் 2.414214. இதை இதனாலேயே திரும்பத் திரும்பப் பெருக்குங்கள். 5.828, 14.071, 33.971, 82.012 என்று வரும். இவை நெருங்கும் முழு எண்கள் 6, 14, 34, 82. இங்கே முந்திய இரண்டையும் வெறுமனே கூட்டினால் அடுத்தது வராது. வேறு ஒரு விதி இருக்கிறது. அது என்ன? அடுத்த முழு எண் எது? அப்பா அம்மாவோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். விடையை அடுத்த இதழில் சொல்கிறேன்.